மூன்று கூம்புகளும் ஓர் ஊகமும்: காஸ்டெல் கோஹ் கோட்டையை வில்லியம் பர்ஜஸ் எழுப்பிய விதம்

வேல்ஸின் கார்டிஃப் நகரத்துக்கு வடக்கே, டாஃப் ஆறு மலையை அறுத்துக்கொண்டு சமவெளிக்கு இறங்கும் இடத்தில் டோங்க்வின்லைஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. ஊருக்கு மேலே பீச் மரக் காட்டுக்குள்ளிருந்து மூன்று கூம்புக் கூரைகள் எட்டிப் பார்க்கும். அதுதான் காஸ்டெல் கோஹ். வேல்ஸ் மொழியில் 'சிவப்புக் கோட்டை' என்று பொருள். கடைசி எழுத்தைத் தொண்டையிலிருந்து 'ஹ்' என்று ஒலிக்க வேண்டும். 'கோச்' என்று படிப்பது ஆங்கில எழுத்து செய்யும் வேலை.

முதல்முறை பார்ப்பவர் இதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோட்டை, நல்ல பராமரிப்பில் இருக்கிறது என்றுதான் நினைப்பார். அடிச்சுவர்களுக்கு மட்டும் அது பொருந்தும். மேலே கண்ணில் படுவதில் பெரும்பகுதி 1875-க்கும் 1879-க்கும் இடையே எழுந்தது. வரைந்தவர் வில்லியம் பர்ஜஸ் (1827–1881), பணம் கொடுத்தவர் மூன்றாம் பியூட் மார்க்விஸ் (மார்க்விஸ் என்பது பிரித்தானியப் பிரபுப் பட்டம்). எது கிடைத்த சான்று, எது நியாயமான ஊகம், எது வெறும் ஆசை என்பதைக் கட்டடத்திலேயே பிரித்துப் பார்ப்பது இந்த ஆய்வின் வேலை. பர்ஜஸ் தாளில் அந்தப் பிரிவினையை ஒழுங்காகச் செய்தார். கல்லில் செய்யவில்லை. இந்தக் கோட்டையைப் பற்றிய சண்டை முழுவதும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

கையில் கிடைத்தது என்ன

நார்மன்கள் முதலில் இங்கே மண்மேட்டுக் கோட்டை ஒன்றை அமைத்தார்கள். அதன்மேல் பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கில்பர்ட் டி கிளேர் கற்கோட்டை கட்டினார். கார்டிஃப் சமவெளிக்கு மேலிருந்து வரும் வழியைக் காவல் காப்பதுதான் நோக்கம். 1314-ல் எழுந்த வேல்ஸ் கிளர்ச்சியில் இது தகர்க்கப்பட்டிருக்கலாம் என்பது பொதுவான கருத்து. அதற்குப் பின் யாரும் இதைப் பழுது பார்க்கவில்லை. 1530-களில் இந்தப் பக்கம் வந்த ஜான் லேலண்ட், எல்லாம் இடிந்து கிடக்கிறது என்று எழுதிவைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் இடம் பியூட் குடும்பத்துக்கு வந்தது. கோட்டையாக அல்ல, சொத்தில் ஒரு துண்டாக.

ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கைவிடப்பட்ட கட்டடத்தில் மேல்பகுதி முதலில் போகும். கூரை, மரத்தளம், ஞாயில் (சுவர் உச்சியில் பல் போல நிற்கும் மறைப்பு) வரிசை எல்லாம் விழுந்து உள்ளேயே மேடாகும். அந்த இடிபாடே அடிச்சுவரைக் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் மூடிக் காக்கும். இங்கே நடந்ததும் அதுதான். 1850 வாக்கில் ஜார்ஜ் தாமஸ் கிளார்க் என்ற பொறியாளர் இடிபாடுகளை அளந்து வைத்திருந்தார். தொழிலால் பொறியாளர், ஈடுபாட்டால் கோட்டை ஆய்வாளர். 1871-ல் மேடு அள்ளப்பட்டபோது கோட்டையின் தரைப்படம் வெளியே வந்தது. சிறிய வளாகம். ஒழுங்கற்ற முற்றத்தைச் சுற்றி மூன்று வட்டக் கோபுரங்கள், ஒவ்வொன்றும் சுமார் 12 மீட்டர் விட்டம். இவற்றில் இரண்டு, அதாவது பிரதானக் கோபுரமும் சமையல் கோபுரமும், சதுர அடித்தளத்தின்மேல் நிற்கின்றன. சதுரத்தின் மூலைகள் சரிந்த முட்டுகளாக மேலே ஏறி வட்டத்துக்குள் கரைந்துவிடும். அடியைத் தோண்டிக் கோபுரத்தைச் சாய்க்கப் பார்க்கும் எதிரிக்கு எதிரான ஏற்பாடு இது. மூன்றாவதான கிணற்றுக் கோபுரத்துக்கு இந்த முட்டு இல்லை.

இவ்வளவும் உறுதியான சான்று. விட்டம், சுவரின் போக்கு, முட்டு, வாசல் இருந்த இடம், கோபுரங்களுக்கு இடையே கூடம் இருந்த இடம். உயரம் தெரியாது. கூரை தெரியாது. ஜன்னல்கள் பெரும்பாலும் தெரியாது.

1872 அறிக்கை

பர்ஜஸுக்கு இந்த மார்க்விஸ் புதியவரல்லர். 1865-ல் அறிமுகம். மார்க்விஸுக்கு அப்போது பதினெட்டு வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ, பர்ஜஸுக்கு முப்பத்தேழு. கார்டிஃப் துறைமுகம் வழியே போன நிலக்கரி அந்தக் குடும்பத்தைப் பெருஞ்செல்வத்தில் வைத்திருந்தது. 1860-களின் கடைசியிலேயே கார்டிஃப் கோட்டையில் கடிகாரக் கோபுர வேலை தொடங்கியாயிற்று. அதற்கு முன் பர்ஜஸ் போட்டிகளில் வென்றும் கட்ட முடியாமல் போனவை உண்டு: பிரான்சின் லில் பேராலயம், இஸ்தான்புல்லுக்கான கிரிமியப் போர் நினைவு ஆலயம். மும்பைக் கலைப்பள்ளிக்கு 1860-களில் அவர் வரைந்த வடிவமும் தாளோடு நின்றது. வரைவதை முழுதாகக் கட்டவிடும் ஒருவர் கிடைத்தது பியூட் மூலம்தான்.

காஸ்டெல் கோஹ் பற்றி அவர் கொடுத்த அறிக்கையின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். முதலில் இடிபாடு இப்போது இருக்கும் நிலை. அடுத்து, அது எப்படி இருந்திருக்கலாம் என்ற ஊகப் புனரமைப்பு. மார்க்விஸுக்கு முன்னால் இரண்டு வழிகள் வைக்கப்பட்டன. இடிபாடாகவே விட்டுக் காக்கலாம். அல்லது கோடையில் எப்போதாவது வந்து தங்கும் வீடாக எழுப்பலாம். இரண்டாவது தேர்வானது. வேலை தொடங்கியது 1875 ஆகஸ்ட்.

இருப்பதையும் ஊகத்தையும் தனித்தனியே வைக்கும் இந்த முறையை இன்றைய பழங்கட்டடப் பாதுகாப்புப் பொறியாளரும் குறை சொல்ல மாட்டார். அன்றைய பலர் இதைக்கூடச் செய்யவில்லை. அறிக்கை அலமாரிக்குள் போனபின் நடந்ததுதான் வேறு.

கூம்புகள்

அடிச்சுவர் வட்டம் என்பதால் மேலே கூம்பு இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. பிரித்தானியக் கோட்டைக் கோபுரங்களுக்குத் தட்டைத் தலையும் ஞாயிலும்தான் வழக்கம் என்பது அன்றைய ஆய்வாளர்கள் பலரின் நிலை. பர்ஜஸுக்கு இந்த எதிர்ப்பு தெரியும். அறிக்கையிலேயே பதில் வைத்திருந்தார். அந்த வாதத்தைப் பிரித்துப் பார்க்கலாம்.

நாட்டின் கோட்டைகள் எல்லாம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இடிந்து கிடக்கும்போது உயரக் கூரைக்கு எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டார். இது சரியான கேள்வி. மரக்கூரைதான் முதலில் அழியும். ஆனால் சான்று இல்லாததற்குக் காரணம் சொல்வது வேறு, சான்று கொடுப்பது வேறு. அடுத்து, இடைக்காலச் சுவடிகளின் ஓவியங்களைக் காட்டினார். அவற்றில் தட்டைத் தலையும் கூம்பும் ஏறக்குறையச் சம அளவில் வருகின்றன என்றார். சுவடி ஓவியன் பொறியாளன் அல்லன். கோபுரத்தின் அடையாளத்தை வரைவான், அளவை வரையமாட்டான். இதைப் பர்ஜஸ் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவது, பயன்பாட்டு வாதம். படைப்பொறி நிறுத்த வசதியான கோபுரத்துக்குத் தட்டைத் தலை போதும். மற்றவற்றில் கூரை இருந்தால் காவலன் மழையில் நனையமாட்டான், வானத்தில் எய்து மேலிருந்து விழும் அம்பும் அவனைத் தொடாது. மூன்றில் இதுதான் வலுவானது. ஆனாலும், இருந்திருக்கலாம் என்பதற்குமேல் இது போகவில்லை.

கூம்பு பார்க்க அழகு, உள்ளே இடமும் கூடுதல் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. முடிவைத் தீர்த்தது அதுவாகத்தான் இருக்கும். மூன்று கோபுரமும் ஒரே விட்டம் போலிருந்தும் மூன்று கூம்பும் ஒரே மாதிரி இல்லை. உயரமும் வடிவமும் மாறுகின்றன. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்து புதுக் கோலம் காட்டுவது அதனால்தான். மாதிரி பிரித்தானியாவில் இல்லை. சுவிட்சர்லாந்தின் சில்லோன், ஏகிள் கோட்டைகளை நினைவூட்டும் கூரைகள். பிரான்சில் கார்காசோனிலும் பியர்ஃபோனிலும் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக் கூம்புகளை ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. எல்லோரும் அவரிடமிருந்துதான் திருடுகிறோம் என்று பர்ஜஸே சொன்னதுண்டு.

கூம்பின் இன்னொரு பக்கம் கூரை வேலைக்காரனுடையது. ஒரு கணக்குக்காக 12 மீட்டர் விட்டமும் 60 பாகைச் சரிவும் கொண்ட கூம்பை எடுத்துக்கொள்வோம். உயரம் 10.4 மீட்டர், சாய்வு நீளம் 12 மீட்டர், மேற்பரப்பு 226 சதுர மீட்டர் வரும். அடிச்சுற்று 37.7 மீட்டர், 25 செ.மீ. அகலக் கற்பலகை (ஸ்லேட்) வைத்தால் கீழ்வரிசைக்கு 151 பலகை. வரிசைக்கு 20 செ.மீ. வெளியே தெரியும்படி அடுக்கினால் 60 வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் சுற்றளவு சுமார் 63 செ.மீ. குறையும், அதாவது இரண்டரைப் பலகை. நேர்க்கூரையில் ஒரு பலகையின் நடுவில் மேல்வரிசையின் இணைப்பு வந்தால் போதும், மழை உள்ளே இறங்காது. கூம்பில் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே போனால் இணைப்புகள் எங்கோ ஓரிடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து நிற்கும். தண்ணீர் அங்கேதான் இறங்கும். அதனால் எண்ணிக்கையை மாற்றாமல் பலகையைத்தான் மேலே போகப் போகக் குறுக்கி வெட்ட வேண்டும். பாதி உயரத்தில் 25 செ.மீ. பலகை 12.5 செ.மீ. ஆகிவிடும். அதற்குமேல் குறுக்கினால் ஆணித்துளையில் உடையும். அங்கே எண்ணிக்கையைப் பாதியாக்கி மறுபடி அகலப் பலகையில் தொடங்குவார்கள். அந்த மாறும் வரிசையில்தான் கொத்தனின் கைத்திறன் தெரியும். உச்சியைப் பலகையால் மூட முடியாது, ஈயத் தகடுதான்.

காஸ்டெல் கோஹில் முதலில் போட்டவை ஸ்லேட் அல்ல, கல் ஓடுகள். தடித்தவை, பொதுவாக ஸ்லேட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் எடை இழுப்பவை, ஒழுங்கற்றவை. கூம்பில் இவற்றைக் குறுக்கி வெட்டி இணைப்பு மாற்றுவது இன்னும் கடினம். 1972-ல் அவற்றை எடுத்துவிட்டு ஸ்லேட் போட்டார்கள்.

பழைய கல், புதிய கல்

கூம்பை மன்னித்துவிட்டாலும் சுவர் விஷயத்தில் பர்ஜஸை மன்னிப்பது கடினம். பழைய கட்டு சிவப்பு மணற்கல், சாம்பல் சுண்ணாம்புக்கல் ஆகியவற்றின் உடைகல் கட்டு. கல் கிடைத்த வடிவத்திலேயே இருக்கும், இடைவெளியைச் சாந்து நிரப்பும். பர்ஜஸின் கட்டில் பென்னன்ட் மணற்கல் அதிகம். சதுரித்து, விளிம்பு நேராக, வரிசை பிடித்து வைக்கப்பட்டது. பக்கத்தில் நின்றால் கண்ணுக்குத் தெரியும். விரலை வைத்தால் இன்னும் நன்றாகத் தெரியும்: பழைய இணைப்பில் விரல் உள்ளே போகும், புதியதில் நகம்தான் போகும். ஆனால் இது பழகிய கண்ணுக்குத்தான். முப்பதடி தள்ளி நிற்பவருக்குக் கோட்டை ஒரே கட்டாகத்தான் தெரியும். பழையதும் புதியதும் சேரும் இடத்தில் கோடு இல்லை.

கோடு போடலாம் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லையா? தோன்றியது, அதே மார்க்விஸின் இடத்திலேயே. 1880-களின் கடைசியில் கார்டிஃப் கோட்டையில் ரோமானியர் காலச் சுவர் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டது. பர்ஜஸ் அப்போது இல்லை. அவரிடம் வேலை பார்த்த வில்லியம் ஃபிரேம் அதன்மேல் சுவரை மறுபடி எழுப்பினார். பழைய கல் முடிந்து புதிய கல் தொடங்கும் இடத்தில் சிவப்புக் கல்லை ஒரு வரியாக ஓட்டினார்கள். இன்றும் தெருவில் நடந்து போகிறவர் அதைப் பார்த்து, கீழே ரோமானியர், மேலே மார்க்விஸ் என்று சொல்லிவிடலாம். ஒரு வரி கல்தான் செலவு.

1877-ல், காஸ்டெல் கோஹில் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தபோதே, லண்டனில் வில்லியம் மோரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். புனரமைப்பு என்ற பேரில் நடப்பது பொய் என்று கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1849-லேயே எழுதியாயிற்று. பின்னாளில் பழங்கட்டடப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆவணமான 1964-ன் வெனிஸ் சாசனம் ஊகம் தொடங்கும் இடத்தில் புனரமைப்பு நிற்க வேண்டும் என்று விதியாகவே எழுதிவைத்தது. அந்த விதியை இங்கே வைத்தால் கோபுரங்கள் பாதியில் நின்றிருக்கும், பார்க்க வருபவரும் குறைந்திருப்பார்கள். காஸ்டெல் கோஹை இடைக்காலக் கோட்டையாக மதிப்பிட்டால் தோல்வி, விக்டோரியக் காலக் கட்டடமாக மதிப்பிட்டால் அந்த நூற்றாண்டின் உச்சங்களில் ஒன்று என்பதுதான் நியாயமான கணக்கு. அந்தோணி சால்வின் செஷயரில் 1840-களில் கட்டிய பெக்ஃபோர்டன் கோட்டைக்கு இந்தச் சிக்கலே இல்லை: வெற்றிடத்தில் எழுந்த புதுக்கோட்டை, யாரையும் ஏமாற்றவில்லை.

வாசல்

வாசலில் பர்ஜஸ் விளையாடியிருக்கிறார். நுழைய மரப்பாலம், அதில் ஒரு பகுதி தூக்குப்பாலம். மரம் ஏன்? முற்றுகை வந்தால் பாலத்தைச் சட்டென்று கொளுத்திவிடலாம், இடைக்காலத்தில் அப்படித்தான் செய்தார்கள் என்பது அவர் நம்பிக்கை. வாசலுக்கு மேலே மரத்தாலான காவல் மாடம், அடியில் மேலிருந்து இறங்கும் கம்பிக் கதவு, கன்னி மரியாள் குழந்தையோடு நிற்கும் சிலை. சிலை செக்கார்டோ ஃபுசீனியாவின் வேலை.

கதவு வெறும் அலங்காரம் அல்ல, இயங்கும். அதைத் தூக்கும் உருளை மேலே தனி அறையில் இருக்கிறது, தரையில் துளைகளும் உண்டு. வாசலில் சிக்கியவர்மேல் கொதிநீரும் எண்ணெயும் ஊற்றுவதற்காம். 1870-களில் நிலக்கரிச் சீமானின் கோடை வீட்டை யார் முற்றுகையிடப் போகிறார்கள் என்று கேட்கக்கூடாது. பொறி இயங்கினால்தான் வாசலின் அளவும் விகிதமும் சரியாக வரும் என்பது பர்ஜஸின் போக்கு. கம்பிக் கதவு ஏறி நிற்க உயரம் வேண்டும், உருளைக்கு அறை வேண்டும், கயிறு ஓட வழி வேண்டும். இவற்றுக்கு இடம்விட்டு வரைந்தால் வாசல் தானாகவே கோட்டை வாசலாகிவிடுகிறது. பொம்மைக் கதவு மாட்டிய பல போலிக் கோட்டைகளில் வாசல் வீட்டு வாசலாகவே நிற்பது இந்த இடத்தில் தவறியதால்தான்.

பர்ஜஸ் இல்லாத பத்தாண்டு

வெளிக்கட்டு 1879 கடைசியில் முடிந்தது. 1881 வசந்தத்தில் கார்டிஃப் வேலைகளைப் பார்வையிடப் போன பர்ஜஸுக்குக் குளிர் பிடித்தது. பாதி உடல் செயலிழந்து லண்டன் திரும்பி, கென்சிங்டனில் தனக்கென்று கட்டிய டவர் ஹவுஸில் ஏப்ரல் 20 அன்று இறந்தார். வயது 53. காஸ்டெல் கோஹின் உள்ளலங்காரம் அப்போது பெரும்பாலும் வரைபடமாகத்தான் இருந்தது.

அதை முடித்தது அவருடைய ஆட்கள்: ஃபிரேம், அலுவலகத்தை நடத்திய ஜான் ஸ்டார்லிங் சாப்பிள், சிற்பி தாமஸ் நிக்கல்ஸ், ஓவியங்களுக்கு வடிவம் கொடுத்த ஹொரேஷியோ வால்டர் லான்ஸ்டேல். 1891 வரை இழுத்தது. விருந்துக் கூடம் கொஞ்சம் மங்கலாகவே நிற்கிறது. பிரதானக் கோபுரத்தின் வரவேற்பறைதான் கோட்டையின் சிகரம். எண்கோணம், இரண்டு மாடி உயரம், கணப்படுப்புக்கு மேலே நிக்கல்ஸ் செதுக்கிய விதியின் மூன்று தேவிகள்: ஒருத்தி நூல் நூற்கிறாள், ஒருத்தி அளக்கிறாள், ஒருத்தி அறுக்கிறாள். சுவரில் ஈசாப் கதைகள், கூரை விலாக்களுக்கிடையே பறவைகள்.

அதற்கு மேலே, கூம்புக்கு நேர் கீழே, மார்க்விஸின் மனைவிக்கான படுக்கையறை. வட்ட அறை, இரட்டைக் குவிமாடக் கூரை, அதில் குரங்குகளும் திராட்சையும் மாதுளையுமாக 28 ஓவியப் பலகைகள். கட்டில் தூண்களின் தலையில் படிகக் கண்ணாடி உருண்டைகள். முகம் கழுவும் மேடையில் இரண்டு குட்டிக் கோபுரங்கள். ஒன்றில் வெந்நீர், ஒன்றில் குளிர்நீர் நிரப்பி வைக்க. இது சாப்பிளின் வேலை, ஆனால் குறும்பு பர்ஜஸுடையது.

இவ்வளவு செலவழித்த மார்க்விஸ் இங்கே அதிகம் தங்கவில்லை. 1875-லேயே கோட்டைக்குக் கீழே திராட்சைத் தோட்டம் போட்டார். வேல்ஸ் மழையில் ஒயின் என்று கேலிப் பத்திரிகைகள் சிரித்தன. முதல் உலகப் போரோடு அதுவும் முடிந்தது.

ஓதம்

ஆளில்லாத வீடு என்பது இங்கே வரலாற்றுத் துணுக்கு மட்டுமல்ல, பழுதின் காரணங்களில் ஒன்று. கோட்டை ஆற்றுக் கணவாயைப் பார்த்து மலைவிளிம்பில் நிற்கிறது. மழை மேலிருந்து விழுவதில்லை, காற்றோடு பக்கவாட்டில் அடிக்கிறது. தடித்த கல்சுவர் என்றால் நடுவிலும் கல்லே இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் இரண்டு முகச்சுவர், நடுவில் உடைகல்லும் சாந்தும். இணைப்பில் புகுந்த நீர் நடுவில் தங்கும். இந்த ஈரம்தான் ஓதம். நல்ல வெயிலும் காற்றும் கிடைத்தால் சாந்து வழியே வெளியே ஆவியாகும். வீட்டில் அடுப்பு எரிந்தால் புகைபோக்கி சூடாகி அதைச் சுற்றிய கட்டையும் உலர்த்தும். எரியாத புகைபோக்கி மழைநீர்க் குழாய் மாதிரி. உச்சியில் விழும் நீர் நேரே சுவர் நடுவுக்கு இறங்கும், பழைய கரியின் உப்பையும் கரைத்துக்கொண்டு.

இந்த வகைச் சுவரில் அடிக்கடி நடக்கும் தவறு சிமெண்ட் பாயிண்டிங், அதாவது கல் இணைப்புகளைச் சிமெண்டால் பூசி அடைப்பது. வெளிமுகம் இறுக மூடிக்கொள்ளும். மயிரிழை விரிசலில் நீர் உள்ளே போகும், திரும்பி வர வழியில்லாமல் உள்முகத்தைத் தேடும். உள்முகத்தில் ஓவியம் இருந்தால் உப்பு அதன் பின்னால் படிகமாகி வண்ணத்தை உதிர்க்கும். அந்த இடத்தில் வார்னிஷ் பூசுவது இன்னும் கேடு; உப்பு வார்னிஷைத் தள்ளும்போது ஓவியமும் கூடவே வரும்.

சரியான வழி மெதுவானது. முதலில் மேலே: கூரை, ஈயத் தகடு, புகைபோக்கித் தலை, நீர்வழி. பிறகு வெளிமுகம். இணைப்பை அதன் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்கு உளியால் மட்டும் எடுக்க வேண்டும். சுழல் கத்தி கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். தூசியைக் கழுவி ஈரப்படுத்தி, சுண்ணாம்புச் சாந்தை அடைத்துத் திணித்து, பாதி இறுகியதும் கடின பிரஷால் தட்டிவிட வேண்டும். ஈரச் சாக்கு போட்டு மூடி, நாள்கணக்கில் காயவிடாமல் காக்க வேண்டும். வெப்பம் 5 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் சாந்து பிடிக்காது, ஆகவே வேல்ஸில் குளிர்கால வேலை கூடாது. உள்ளோவியத்தை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் தொட வேண்டும், சுவர் உலர்ந்த பிறகு. அதற்கு ஆண்டுக்கணக்காகும்.

1950-ல் கோட்டை அரசின் பொறுப்புக்கு வந்தது. 1984 முதல் வேல்ஸ் அரசின் பாரம்பரிய அமைப்பான 'காடு' (Cadw) இதைப் பார்த்துக்கொள்கிறது. 2007-ல் பிரதானக் கோபுரத்தில் பெரிய பழுதுவேலை நடந்தது. 2011-ல் படுக்கையறையின் அலங்காரத்தை ஓதம் கெடுக்கத் தொடங்கியதால் உள்ளே பாதுகாப்பு வேலை. அறை இருக்கும் இடத்தைப் பார்த்தாலே காரணம் புரியும்: மிக உயரம், எல்லாப் பக்கமும் வெளிச்சுவர், தலைக்குமேல் கூம்பு. ஆய்வாளர்கள் மறுத்த அந்தக் கூம்புக்குக் கீழேதான் கோட்டையிலேயே மெல்லிய வண்ண வேலை இருக்கிறது.

கூரைமேல் ஒரு தேவாலயம்

முடியாமல் போன ஒன்றையும் சேர்க்காவிட்டால் கணக்கு குறையும். மார்க்விஸ் 1868-ல் கத்தோலிக்கரானவர். அவருக்காகக் கிணற்றுக் கோபுரத்தின் கூரையிலிருந்து பாதி வெளியே துருத்தி நிற்கும் ஒரு சிறு ஜெபக்கூடம் வைக்கப்பட்டது. இதற்கு இடிபாட்டில் சான்றே கிடையாது. கூம்புக்குச் சொன்ன அம்பு வாதமும் இங்கே செல்லாது. அதற்கு வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் 20 செய்தார்கள். 1891-க்குள் ஜெபக்கூடத்தையே பிரித்து எடுத்துவிட்டார்கள்.

கண்ணாடிகள் தப்பின. பத்து, கார்டிஃப் கோட்டையில் காட்சிக்கு இருக்கின்றன. எட்டு, கிணற்றுக் கோபுரத்தின் மேல்மாடத்தில் ஜெபக்கூடத்தின் மாதிரி ஒன்றில் பொருத்தப்பட்டிருக்கின்றன. காணாமல் போயிருந்த மீதி இரண்டும் 2011-ல் கோட்டைக்குத் திரும்பி வந்தன.